வெந்நீர்க் கலத்தின் மின்குற்றம்

நுவரெலியாவின் விடியற்குளிரில் வெந்நீர்க் குழாயைத் திறக்கின்றீர்கள். பனிபோன்ற நீரே வருகின்றது. குற்றம் எங்கேயென அறிவது எவ்வாறு?

முதற்கண் பிரதான ஆளியை நிறுத்துக. கலத்துக்குச் செல்லும் கம்பிகளில் மின் இல்லையென்பதைச் சோதனைக் கருவியாலும் உறுதி செய்க. அதன் முன்னர் மூடியைத் திறத்தல் ஆகாது.

பின்னர், நீரில் அமிழ்ந்திருக்கும் வெப்பச் சுருளின் இணைப்புகளைக் கழற்றி, அதன் தடையை அளத்தல் வேண்டும். 230 வோல்ற்றில் இயங்கும் 3,000 வாற்றுச் சுருள் ஏறத்தாழ 13 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். ஆகவே அதன் தடை 18 ஓம் அளவில் இருக்கும். மானி தொடர்பெதையும் காட்டாவிடின் சுருள் அறுந்துவிட்டது. அளவு சரியாயின், நீர் சூடேறியதும் மின்னை நிறுத்தும் வெப்பநிலைநிறுத்தியையும் அதன் இணைப்புகளையும் ஐயுறுக.

ஆளியைப் போட்டதும் ‘ட்றிப் சுவிச்’ விழுகின்றதா? அதுவே அஞ்சத்தக்க குற்றம். சுருளைச் சூழ்ந்த உலோக உறை வெடித்திருக்கலாம். அப்போது உள்ளிருக்கும் மகனீசியம் ஒட்சைட்டுத் தூள் ஈரமுற்று, மின் வெளியே கசியும். சாதாரண மானி இதனைக் காட்டாமலும் போகலாம். 500 வோல்ற்றுக் காவலிச் சோதனை செய்யவல்ல மின்வினைஞரை அழைத்தலே நன்று.

சிலர் சுவிச்சே பழுதென்றெண்ணி அதனை நீக்கிவிடுவர். வேறுசிலர் புவிக்கம்பியைக் கழற்றிவிட்டு வெந்நீர் பெறுவர். வீடுகளிற் பொருத்தப்படும் அச்சுவிச், பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டித்து உயிரைக் காப்பது. குரல் கொடுத்த காவலனை வெளியேற்றலாமோ? குற்றம் நீங்கும்வரை குளிர்நீரிற் குளிப்பதால் நட்டமொன்றுமில்லை.