அரிதாளும் இயந்திரமும்

கார்த்திகை பிறக்கும் நாட்களில் தில்லிக்கு வரும் நம் ஊர் உறவினர், விடியற்காலையில் சன்னலைத் திறந்து, "என்ன அழகான பனி!" என்று மகிழ்வதுண்டு. சற்று நேரத்தில் தொண்டை கரகரக்கும், கண் எரியும். அது பனி மட்டுமன்று என்று நாம் விளக்க வேண்டியதாகிறது. தில்லியின் வாகனங்களும் ஆலைகளும் ஆண்டு முழுதும் எழுப்பும் புகையோடு, அச்சில வாரங்களில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எரியும் நெல்லின் அரிதாளும் சேர்ந்துகொள்கிறது.

விஞ்ஞானம் இதற்கு வழி காட்டாதா என்று கேட்கிறோம். நேயர்களே, அந்த அரிதாள் அங்கு வந்த வரலாறே விஞ்ஞானத்தின் வரலாறுதான். 1965, 1966 ஆகிய வறட்சி ஆண்டுகளில் நம் நாடு அமெரிக்கக் கப்பல்கள் கொணர்ந்த கோதுமையை எதிர்நோக்கியிருந்தது. குட்டை ரக விதையும் உரமும் குழாய்க் கிணறும் அந்நிலையை மாற்றின. பசியை அறிந்த தலைமுறை அதனை இகழாது. ஆயின் அதே குழாய்க் கிணற்றின் வலிமையால், அதிகம் மழை பெறாத நிலத்தில் நெல் பரவிற்று. பஞ்சாப் மக்கள் பெரிதும் உண்பது கோதுமை. அவர்கள் விளைவிக்கும் நெல்லின் பெரும்பகுதி மத்தியத் தொகுப்புக்குச் செல்கிறது. அரிசி உண்ணும் நாம் அப்புகைக்கு முற்றிலும் அயலார் அல்லோம்.

நிலத்தடி நீர் தாழ்ந்துகொண்டே சென்றது. அதனைக் காக்க, ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நாற்று நடலாகாது என 2009-இல் பஞ்சாபில் சட்டம் இயற்றினர். நல்ல நோக்கமே. நடவு தள்ளிப்போகவே அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. அறுவடை இயந்திரமோ கதிரைக் கொய்துகொண்டு தாளை வயலிலேயே விட்டுப் போகிறது. ஆள் வைத்து அதனை அகற்றக் கூலி கட்டாது. உழவர் தீக்குச்சியை எடுக்கிறார். காற்று ஓய்ந்து குளிர் இறங்கும் பருவமாதலின் புகை மேலெழாமல் தங்கிவிடுகிறது. இதில் குற்றவாளியைத் தேடினால் ஒருவரும் அகப்படார்.

இதற்கும் கருவிகள் வந்தன. 2021-இல் கனாட் பிளேஸில் 24 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பி, 40 விசிறிகளைக் கொண்டு காற்றை வடிகட்ட முயன்றனர். ஓடும் ஆற்றைத் துணியில் வடிகட்டும் வேலை என்றே நமக்குத் தோன்றியது. அதனினும் அறிவார்ந்தது 'ஹாப்பி சீடர்' என்னும் விதைப்பு இயந்திரம். நின்ற தாளை வெட்டி, அதே ஓட்டத்தில் கோதுமையை விதைத்து, வெட்டிய தாளை நிலத்துக்குப் போர்வையாக்குகிறது. தீயே வேண்டுவதில்லை. 2018 முதல் மத்திய அரசு இத்தகைய கருவிகளுக்கு மானியமும் அளித்து வந்தது. தீ குறைந்தது எனக் கணக்குகள் கூறினும், அணைந்தபாடில்லை.

குறை இயந்திரத்தில் இல்லை. ஆண்டில் சில வாரங்களே பயன்படும் அதனை இழுக்க வலுவான டிராக்டர் வேண்டும். சிறு உழவர் வாடகைக்குத்தான் எடுக்க இயலும். அவர் முறை வருமுன் விதைப்புக் காலம் கடந்துவிடும். நெல்லுக்கு உறுதியான கொள்முதல் உண்டு. குழாய்க் கிணற்றுக்கு மின்சாரம் இலவசம். மக்காச்சோளமோ பருப்போ விதையுங்கள் என்று அவரிடம் சொன்னால், அவர் கேட்பது ஒன்றே: "விளைந்தபின் அதை வாங்குவது யார்?"