வேலைப்பயிற்சி: எப்போது கேட்பது, எங்கே கேட்பது?

(சங்கத்தின் பொன்விழா ஆண்டு மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



 

சங்கத்தின் இளைய வணிகர்கள் சார்பில் இன்று பேசும்படி தலைவர் பணித்தபோது நாங்கள் முதலில் தயங்கினோம். எங்களில் பெரும்பாலோர் பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமாவோடு கடைக்கு வந்தவர்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கு நாங்கள் என்ன சொல்ல முடியும் என்று கேட்டோம். "நீங்கள்தானே ஆள் எடுக்கிறீர்கள், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்லுங்கள்" என்றார் தலைவர். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறோம். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், நம் சங்கத்துப் பிள்ளை ஒருவர் தம் அத்தாவோடு எங்கள் கடைக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. நல்ல மதிப்பெண். மே மாத விடுமுறையில் ஏதாவது ஒரு வங்கியில் வேலைப்பயிற்சி வேண்டும், உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தோம். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அந்த இடங்களுக்கு விண்ணப்பம் முந்திய ஆண்டு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை கண் கலங்கி, "யாருமே எங்கிட்ட சொல்லலையே மாமா" என்றார்.

அவருடன் படித்த மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். ஒருவருக்கு அக்காள் வங்கியில் வேலை பார்க்கிறார். இன்னொருவருடைய தகப்பனார் கணக்காய்வாளர். அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசியது நம் வீட்டில் பேசப்படவில்லை. அந்தப் பிள்ளை அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவர் அல்லர். தேதி தெரியாததால் ஓர் ஆண்டை இழந்தார். நாங்கள் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: நம் பிள்ளைகள் தேதி தெரியாமல் தோற்கக் கூடாது.

நம் பாட்டனார் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கடையநல்லூரிலிருந்தோ நாகூரிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ கூத்தாநல்லூரிலிருந்தோ ஒரு பையன் கப்பல் ஏறினால், அவன் எந்தக் கடையில் போய் நிற்க வேண்டும் என்று முன்பே முடிவாகியிருக்கும். முதலில் கடை கூட்டுவான். பிறகு பொட்டலம் கட்டுவான், தராசு பிடிப்பான். நம்பிக்கை வந்த பிறகுதான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். வேலைப்பயிற்சி என்ற பெயர் இல்லையே தவிர, அதுவும் வேலைப்பயிற்சிதான். சொந்தபந்தம் வழியாக இடம் வந்தது. இன்று நம் பிள்ளைகள் போக விரும்பும் துறைகளில் நமக்குச் சொந்தபந்தம் குறைவு. அந்த இடத்தை நாள்காட்டியைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும்.

முதலில், எப்போது என்பதைப் பார்ப்போம்.

நம் பெரிய பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. மே தொடக்கத்தில் தேர்வு முடிந்தால் ஜூலை இறுதிவரை ஏறத்தாழ மூன்று மாதம் விடுமுறை. டிசம்பரில் நான்கைந்து வாரம். பயிற்சி பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்குவதால், அதை ஏப்ரலில் தேடினால் போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது.

பெரிய வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள், பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆகியவை அடுத்த மே மாதத்துக்கான ஆட்களை முந்திய ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் தேடத் தொடங்கிவிடுகின்றன. சில இன்னும் முன்னதாகவே தொடங்கும். பல நிறுவனங்கள் கடைசி நாள் வரை காத்திருப்பதில்லை. வரும் விண்ணப்பங்களை அவ்வப்போது பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். ஆகவே கடைசி நாளில் அனுப்புவது பாதி தோற்றதற்குச் சமம்.

அமைச்சுகளும் ஆணைபெற்ற கழகங்களும் மருத்துவமனைகளும் தங்களுக்கென்று தனித்தனித் தேதி வைத்திருக்கும். டிசம்பர் விடுமுறை தொடங்கியதிலிருந்து அவற்றின் இணையத்தளங்களை வாரம் ஒருமுறை பார்த்து வர வேண்டும். நடுத்தர, சிறிய நிறுவனங்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆள் எடுக்கும். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பு கேட்டாலும் எடுப்போம். இடம் பெரிதாகப் பெரிதாக, கேட்க வேண்டிய நாள் முன்னால் போகும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி எந்த ஆண்டில் எதைக் கேட்பது? முதலாண்டு விடுமுறையில் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். நேரத்துக்கு வருவது, மேலாளரிடம் பேசுவது, மின்னஞ்சல் எழுதுவது போன்றவற்றைப் பழகிக்கொள்ளும் இடம் எதுவானாலும் நல்லது. இரண்டாம் ஆண்டில் உங்கள் துறைக்கு நெருங்கிய இடமாகப் பாருங்கள். இறுதியாண்டுக்கு முந்திய விடுமுறைதான் மிக முக்கியமானது. அந்தப் பயிற்சியில் நன்றாகச் செய்தவர்களுக்கே பல நிறுவனங்கள் நிரந்தர வேலையைத் தருகின்றன. நான்காண்டுப் படிப்பென்றால் மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஆகஸ்டிலும், மூன்றாண்டுப் படிப்பென்றால் இரண்டாம் ஆண்டு தொடங்கும் ஆகஸ்டிலும் உங்கள் தன்விவரக் குறிப்பு கையில் தயாராக இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் முறையும் மாறும். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் குறைந்தது 10 வாரப் பயிற்சி இல்லாமல் பட்டம் பெற முடியாது. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் வேலையும் படிப்பும் இணைந்த நீண்ட பயிற்சி உண்டு. அது பல மாதங்கள் நீடிக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுக்குப் போய்ப் புதிய நிறுவனங்களில் வேலை பழகும் திட்டம் இருக்கிறது. உங்கள் துறையில் எது கட்டாயம், எத்தனை வாரம், எந்தப் பருவம் என்பதைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காலத்தை நம் பிள்ளைகள் வீணாக்குகிறார்கள். ஆண் பிள்ளைகள் தேசிய சேவையை முடித்த பிறகு பல்கலைக்கழகம் தொடங்கும் ஆகஸ்ட் வரை பலருக்குச் சில மாதங்கள் கிடைக்கும். தொடக்கக்கல்லூரி முடித்த பெண் பிள்ளைகளுக்கு டிசம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை இடைவெளி இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் காலடி வைப்பதற்கு முன்பே ஒரு வேலை பழகியவர் என்று உங்கள் தன்விவரக் குறிப்பில் ஒரு வரி சேர்ந்தால், முதலாண்டிலேயே நீங்கள் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பீர்கள்.

அடுத்து, எங்கே என்ற கேள்வி.

முதல் வாசல் உங்கள் பல்கலைக்கழகத்தின் வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி நிலையம். மாணவர்களுக்கு மட்டுமே திறக்கும் வேலை வாய்ப்பு இணையத்தளம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. உங்கள் தன்விவரக் குறிப்பைத் திருத்திக் கொடுப்பார்கள். நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவார்கள். உங்கள் கட்டணத்தில் நடக்கும் சேவை அது. அங்கே போகக் கூச்சப்படும் பிள்ளைகளில் நம் பிள்ளைகள் அதிகம் என்பது எங்கள் அனுபவம்.

இரண்டாவது வாசல் பேராசிரியர்கள். ஆய்வுக்கூடத்தில் கைக்கு உதவி தேவைப்படும். அது எப்போதும் விளம்பரமாக வருவதில்லை. வகுப்பு முடிந்த பிறகு போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

மூன்றாவது வாசல் பொதுச்சேவை. ஒவ்வோர் அமைப்பின் இணையத்தளத்தையும் நேரடியாகப் பார்க்க வேண்டும்.

நான்காவது, விளம்பரமே செய்யாத நிறுவனங்கள். இறக்குமதி, கிடங்கு, உணவு, அச்சு, கட்டுமானம் என்று இந்த ஊரில் எத்தனையோ சிறிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் முதலாளிக்குப் பத்து வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நான் இன்ன படிப்புப் படிக்கிறேன், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வர முடியும், உங்கள் நிறுவனத்தில் இந்த ஒரு வேலையைச் செய்து தர முடியும் என்று எழுதுங்கள். தேதியை எழுதாத கடிதங்களே எங்களுக்கு அதிகம் வருகின்றன. தேதி இல்லாத கடிதத்துக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பயிற்சிக்கு ஒப்புக்கொள்ளும் முன் படித்தொகை எவ்வளவு, வேலை நேரம் எது, யார் உங்களுக்குப் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக வேண்டும் என்பதையும் முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கூடுதலாக எடுக்கும் நேரத்தை மாலையில் ஈடுகட்டுகிறேன் என்று சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். சொல்லாமல் மறைந்து போய்வந்தால்தான் சங்கடம் வரும். வட்டித் தொழிலில் பயிற்சி எடுக்கலாமா என்ற தயக்கம் உள்ள பிள்ளைகள், விண்ணப்பிக்கும் முன்பே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இடம் கிடைத்த பிறகு குழம்ப வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஜூன் மாதம் என்றால் நமக்கு ஊர்ப் பயணம், கல்யாணம், உம்ரா. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இறுதியாண்டுக்கு முந்திய அந்த ஒரு விடுமுறையில், பிள்ளையை ஊருக்குக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகாதீர்கள். பத்து வாரப் பயிற்சியில் மூன்று வாரம் வர முடியாது என்று சொல்லும் பிள்ளையை யாரும் எடுக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், அலுவலகத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள், பொறுப்பாளர் யாரென்று கேளுங்கள். தயக்கத்துக்குப் பதில் தேடுங்கள். தயக்கமே பதிலாகிவிடக் கூடாது.

இப்போது எங்களைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரைக் கடைக்குப் பயிற்சிக்கு எடுத்தோம். பெருநாள் நெருங்கிய நேரம். அவருக்குச் சொல்லித்தர எங்களுக்கு நேரமில்லை. மூன்று வாரம் சரக்கு எண்ணவும் பெட்டி தூக்கவும் விட்டோம். ஒரு நாள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெட்கமாக இருந்தது. தவறு அவருடையதன்று, எங்களுடையது.

அதிலிருந்து கற்றுக்கொண்டோம். கூட்டம் அதிகமான மாதத்தில் பயிற்சி மாணவரை எடுப்பதில்லை. துணிக்கடைக்கும் மளிகைக்கும் நோன்புப் பெருநாள், தீபாவளி நேரம் சரிவராது. நாணய மாற்று வணிகத்துக்கு ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை சரிவராது. மாணவர் வரும் முன்பே அவர் முடிக்க வேண்டிய ஒரு வேலையை எழுதி வைக்கிறோம். காலாண்டு ஜிஎஸ்டி கணக்கைச் சரிபார்ப்பது, சரக்கிருப்பைக் கணினியில் ஏற்றுவது, இணைய விற்பனைக்குப் பொருள் பட்டியல் தயாரிப்பது என்று ஏதாவது ஒன்று. போகும்போது அவர் கையில் காட்டுவதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். பாட்டனார் கடையில் தராசு பிடித்த பையனைக் கடைசியில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நாங்கள் பெட்டி தூக்கவிட்டதோடு நிறுத்திவிட்டோம். அதுதான் குறை.

பெரியோர்களே, சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம். ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் இந்த மண்டபத்தில் ஒரு மாலை மாணவர்களைக் கூட்டி, வேலையில் இருக்கும் நம் இளைஞர்கள் அவரவர் துறையின் தேதிகளைச் சொல்ல வேண்டும். அந்தத் தேதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். இரண்டு, சங்க உறுப்பினர்களாகிய வணிகர்கள் ஆண்டுக்கு ஓர் இடமாவது முதலாண்டு மாணவருக்கு ஒதுக்க வேண்டும். எங்கள் கடைகளில் அந்த இடம் இன்றிலிருந்தே தயார்.

கடையில் கண்கலங்கி நின்ற அந்தப் பிள்ளை, அந்த விடுமுறையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பழகினார். அடுத்த ஆகஸ்டில் எங்களுக்கு முன்பே விழித்துக்கொண்டு, இறுதியாண்டு மாணவர்களுக்கான நிரந்தர வேலைகளுக்கு விண்ணப்பம் அனுப்பினார். இப்போது தம் தம்பிக்குத் தேதி சொல்லிக் கொடுக்கும் அக்காள் அவர்தான். ஒரு வீட்டில் ஓர் அக்காள் உருவாகிவிட்டார். சங்கம் நினைத்தால், அக்காள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கமே அக்காளாக இருக்கலாம்.

ஒட்டகத்தைக் கட்டி வைத்த பிறகுதான் தவக்குல் என்று மதரஸாவிலேயே நமக்குச் சொல்லித்தந்தார்கள். பிள்ளைகளே, ஆகஸ்டில் ஒட்டகத்தைக் கட்டுங்கள். மே மாதத்தை இறைவன் பார்த்துக்கொள்வான்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.