பதில் வராத அழைப்பு

கொழும்பு வியாபாரி ஒருவர் மருதமுனை நெசவாளருக்கு, நூறு சாரம் நெய்து அனுப்பும்படி கடிதம் எழுதுகிறார் எனக் கொள்வோம். பதில் வரவில்லை. கடிதம் சேரவில்லையோ? அன்றிச் சாரமும் நெய்தாகிப் பதிற்கடிதம் மட்டும் வழியில் தவறியதோ? மீண்டும் எழுதினால் இருநூறு சாரம் வந்திறங்கலாம். எழுதாவிட்டால் பெருநாள் வியாபாரம் கெடலாம்.

கணினிக்கும் இவ்விக்கட்டு உண்டு. ஒரு வேலையைச் செய்து விடை தரும் கட்டளைத் தொகுதியைச் செயற்கூறு என்பர். தொலைவிலுள்ள கணினியின் செயற்கூற்றைத் தன்னுடையது போலவே அழைப்பது தொலைச் செயற்கூற்று அழைப்பாகும். செராக்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிரெல், நெல்சன் ஆகிய இருவரும் இதனை ஆக்கிய முறையை 1984ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினர். சன் நிறுவனத்தின் முறை 1988இல் பொது ஆவணமாக வெளிவந்தது.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர் ஒருவர், சன் முறையில், அழைக்கும் பக்கத்து நிரலைச் சி மொழியில் எழுதுகிறார் என்க. எதைக் கொடுப்பது, எதைப் பெறுவது என்பதை ஒரு சிறு கோப்பில் வரைந்தால், 'ஆர்பிசிஜென்' என்னும் கருவி இடைநின்று பேசும் பகுதியை ஆக்கித் தரும். எஞ்சியவை மூன்று படிகளே: தொடர்பை அமைத்தல், அழைத்தல், தொடர்பை முடித்தல்.

எளிமை இங்கே முடிகிறது. அக்கருவி ஆக்கிய பகுதி இயல்பாக 25 விநாடி காத்திருக்கும். அதற்குள் விடை வராவிடின் வெறுமையைத் திருப்பித் தரும். அவ்வெறுமைக்கு 'வேலை நடக்கவில்லை' என்பது பொருளன்று; 'நடந்ததோ இல்லையோ, தெரியாது' என்பதே பொருள்.

கரையோர மக்கள் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளைத் தாக்கியபோது, வெளியூரிலிருந்து அழைத்த உறவினர்க்குக் கிட்டாத பதில் நலத்தையும் சொல்லவில்லை, இழப்பையும் சொல்லவில்லை.

ஆதலின் நல்ல நிரல் இரு வகை அழைப்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். வங்கிக் கணக்கின் மீதியைக் கேட்பதாயின் எத்தனை முறை கேட்பினும் தீங்கில்லை. பணத்தைக் கழிப்பதாயின், மறுமுறை அழைப்பது ஏழையின் சேமிப்பை இருமுறை கழித்துவிடலாம். இதற்கு வழி, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி இலக்கம் இட்டு, திரும்ப அனுப்பும்போதும் அதே இலக்கத்தை இடுவது. மறுமுனைக் கணினி அவ்விலக்கத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். முன்பு கண்ட இலக்கமாயின் வேலையைத் திரும்பச் செய்யாது பழைய விடையையே அனுப்புதல் வேண்டும். வியாபாரியின் கடிதத்திலும் அத்தகைய இலக்கம் இருந்திருப்பின், நெசவாளர் இரண்டாம் முறை தறியில் ஏறார்.