டிரினிட்டி கல்லூரியில் ஒரு கம்பளி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து, மார்கழி விடியலில் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் நிற்பவருக்குக் குளிர் இன்னதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், நம் நாமக்கல்லில் கோயில் கொண்ட நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாக வழிபட்ட கணித மேதை சீனிவாச ராமானுஜன், 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜை அடைந்தபின் அனுபவித்த குளிரோ வேறு ஜாதி. ஒருநாள் டிரினிட்டி கல்லூரி அறையில் அவரைக் காணச் சென்ற இந்திய மாணவர் மஹலநோபிஸ், இரவில் கதகதப்பாக உறங்குகிறீரா என்று வினவ, மேலங்கியோடு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகப் பதில் வந்தது. படுக்கையறையில் புகுந்து பார்த்தால், கம்பளிகள் பல, ஓரங்கள் மெத்தைக்கடியில் செருகப்பட்டு, இறுக விரிந்து கிடக்கின்றன! அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டுமென்பது, பாயை விரித்துப் போர்வையை உதறிப் போர்த்தியே பழகிய கும்பகோணத்துப் பிள்ளைக்கு எவ்விதம் தெரியும்? மஹலநோபிஸ்தாம் செய்து காட்டினார்.

ஆகார விஷயமும் லேசானதன்று. சைவ நியமம் பிறழாதவராகையால் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். முதல் உலக யுத்தம் மூண்டு காய்கறிகள் அருகியபின் அதுவும் பெரும்பாடாயிற்று. கணிதவியலர் ஹார்டியுடன் எண்களின் பிரபஞ்சத்தில் சஞ்சரித்துத் திரும்பியவருக்கு, ஊரிலிருந்து புளி வரவேண்டியிருந்தது.