செவிப்பறையைச் செப்பனிடும் முறைகள்



செவிப்பறை மிக மெல்லிய சவ்வு. அதன் குறுக்களவு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர்; தடிப்பு 0.1 மில்லிமீற்றர். கன்னத்தில் விழும் அறையாலோ, காது குடையும் குச்சியாலோ, உள்ளே சீழ் கட்டுவதாலோ இதிலே துவாரம் உண்டாகலாம். காயத்தால் வந்த துவாரங்களிற் பெரும்பாலானவை, நீர் புகாமற் காத்துவந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமே மூடிக்கொள்ளும். மூடாது நிலைத்த துவாரத்துக்கே சத்திர சிகிச்சை வேண்டும். அதனை நாடுவோர், “எந்த முறை சிறந்தது?” என்று வினவுகின்றனர். விடை துவாரத்தைப் பொறுத்தது.

1950களின் தொடக்கத்தில் ஜேர்மனிய வைத்தியர்களான வுல்ஸ்ரைனும் சொல்னரும் நோயாளியின் தோலையே எடுத்து ஒட்டினர். ஆனால் தோல் தன் இயல்பின்படி செதில் உதிர்த்தது, அழற்சியும் கண்டது. ஆகவே, காதுக்கு மேலுள்ள தசையைப் போர்த்திய மெல்லுறை அதன் இடத்தைப் பிடித்தது. குறைந்த ஊட்டத்திலும் பிழைக்கும் அவ்வுறையே இன்றும் பெருவழக்கிலுள்ளது.

அவ்வுறையை எங்கே வைப்பது? எஞ்சிய செவிப்பறையின் அடியில் வைப்பது ஒரு முறை. இது எளிது, விரைவில் ஆறும். ஆயினும், துவாரம் முன்புறத்தில் விளிம்புவரை சென்றிருந்தால், பற்றிக்கொள்ள இடமின்றி உறை உள்ளே நழுவிவிடக்கூடும். செவிப்பறையின் மேற்றோலை உரித்து, அதன்மேல் உறையைப் பரப்புவது மற்றைய முறை. பெரிய துவாரங்களுக்கும் முன்புறத் துவாரங்களுக்கும் இது ஏற்றது. ஆனால் ஆற நாட் செல்லும். மிகுந்த கைத்திறனும் வேண்டும். மேற்றோலின் துணுக்கொன்று அடியிற் சிக்கினால் முத்துப்போன்ற கட்டி வளரும். உறை சிற்றென்பை விட்டு விலகினாலோ கேள்வி குன்றும்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் சீராக இயங்காதவர்களுக்கும், முன்னர் செய்த சிகிச்சை பலிக்காதவர்களுக்கும் காதின் குருத்தெலும்பு கைகொடுக்கும். அது விறைப்பானது, உள்ளிழுக்கும் காற்றழுத்தத்துக்கு எளிதில் வளையாது. எனினும் ஒளி ஊடுருவாததால், அதன் பின்னே நோய் மீண்டும் முளைத்தால் கண்டறிதல் கடினம். மிகச் சிறிய துவாரத்துக்கோ காதுமடலின் நுனியிலிருந்து எடுத்த கொழுப்புத் துண்டே போதுமானதாகலாம்.

ஆகவே நேயர்களே, வைத்தியரிடம் முறையின் பெயரைக் கேட்பதிலும் பயனுள்ள வினாக்கள் மூன்று உள. துவாரம் எங்கே, எவ்வளவு பெரிது? காது உலர்ந்திருக்கின்றதா? உள்ளேயுள்ள சிற்றென்புகள் நலமாயுள்ளனவா? என்புகள் அரிக்கப்பட்டிருந்தால், துவாரத்தை மூடுவதால் மட்டும் கேள்வி முற்றாக மீளாது. சீழ் வடியும் காதில் எண்ணெய் விட்டு ஆண்டுகளைக் கழிப்பதாற் கெடுபவை அவ்வென்புகளே. சிலருக்கு அந்நோய் மூளைவரை பரவி உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. வடியும் காதைச் சிறு குறையென்று எண்ணாது, காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.