நிறுத்திய மாத்திரை
(புசா ரோடு அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

ரசாயனத்தில் பட்டம் வாங்கி, மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன் நான். அப்படியும் ஒரு அசட்டுக் காரியம் செய்தேன்.

பதினைந்து வயதுப் பேரனுக்கு மனச்சோர்வு. டாக்டர் ஃப்ளூவாக்ஸெட்டின் எழுதினார். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் ஆபீஸ் போவதால், மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. இத்தகைய மருந்துகளால் சிறுவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்டமிட்டு எச்சரித்ததைப் படித்தேன். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். ஒரே மாதத்தில் பையன் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டான், சாப்பாடும் இறங்கவில்லை.

டாக்டர் கோபிக்கவில்லை. அந்த ஆய்வுகளில் இவ்விதத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு, மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு. தற்கொலை ஒன்றுகூட நடக்கவில்லை என்றார். முதல் சில மாதங்களும், அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கூடவே இருந்து கவனியுங்கள் என்பதே எச்சரிக்கையின் பொருளாம். நிறுத்துவதானாலும் அவர் சொல்லி, படிப்படியாகத்தான். கூடவே பேச்சு சிகிச்சையும் நடக்கிறது.

அக்காவுக்கு வரன் பார்க்கும் சமயம், வெளியே தெரியக்கூடாது என்று மூடி மறைத்ததும் நாங்களே. இன்று அவன் சம்மதித்துத்தான் சொல்கிறேன். அவசரமென்றால் 14416-ல் டெலி மானஸை அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.

மாத்திரை இப்போது மாட்டுப்பெண்ணின் பீரோவில். சாவி என்னிடம் இல்லை.