நன்னூல் நோக்கில் மாணாக்கர் மதிப்பீடு



மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுச் சிற்பத்தின் முன் நில்லாதவர் இல்லை. அதே ஊரில், அதே பொருளைச் செதுக்கத் தொடங்கி இடையில் விடப்பட்ட மற்றொரு பாறையும் உண்டு. அதன்முன் நிற்போர் சிலரே. ஆயினும் பல்லவர் காலத்துச் சிற்பி எதை முதலில் வெட்டினான், எதைப் பின்னுக்கு விட்டான் என்று அறிய விழைவோர்க்கு, முற்றிய சிற்பத்தைவிட முற்றாத சிற்பமே மிகுதியாகக் கற்பிக்கும். வகுப்பறைக்கும் இஃது ஒக்கும். விடைத்தாள் முடிவைக் காட்டுகிறது. மாணாக்கர் வந்த வழியையும், வழியில் தடுமாறி நின்ற இடத்தையும் அது காட்டுவதில்லை.

எல்லா மாணாக்கரும் ஒரே வகையில் கற்பதில்லை என்பது தமிழுக்குப் புதிய செய்தியன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை எட்டு உவமைகளால் மூவகைப்படுத்துகிறது. அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கு. இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை மாணாக்கர்க்கு. அன்னம் நல்லதைப் பிரித்தெடுக்கும். ஆ, கிடைத்த புல்லை வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். மண், உழவன் இட்ட உழைப்பின் அளவே விளைவு தரும். கிளி, சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும்.

இவ்வரிசையை இன்றைய தேர்வு முறையோடு ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். பவணந்தியார் இடைநிலையில் வைத்த கிளியை இன்றைய தேர்வு முதலிடத்தில் அமர்த்தியுள்ளது. அவர் முதலிடத்தில் வைத்த ஆவுக்கோ அசைபோட நேரமில்லை. மூன்று மணி நேரத்தில் தாள் பறிக்கப்படுகிறது. மண்ணின் விளைவு குறைந்தால் உழவனையும் கேட்க வேண்டும் என்னும் நினைவு மதிப்பெண் பட்டியலில் எங்கும் இல்லை.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரை இதற்குக் கண்கூடான சான்று. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்களின் பிள்ளைகள் வாடைக்கும் கச்சானுக்கும் வேறுபாடு உணர்ந்தவர்கள். நீரின் நிறம் கண்டு கடலின் நிலை சொல்லும் பெரியோர் நடுவே வளர்பவர்கள். நெய்தல் திணையின் கருப்பொருளை இவர்களுக்கு நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை. எனினும் ‘கடலின் பயன்கள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், ஐந்து வரிக்குமேல் எழுதுகோல் நகராத பிள்ளைகள் இவர்களுள் உண்டு. ஐந்து வரிக்கு உரிய மதிப்பெண்ணே அவர்களுடைய அறிவின் அளவாகப் பதிவாகிறது.

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவது அதன் பணி. இருளர் மரபில் வந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்க நாட்டுப் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மசிறீ விருதுக்கு உரியராயினர். தடம் பார்த்துப் பாம்பை அறியும் அவர்களுடைய திறம் முன்னோர் வழியே கண்ணாலும் கையாலும் கற்றது. அத்தகைய திறத்தை அளக்கும் வினா எந்த வினாத்தாளிலும் இல்லை. மாமல்லபுரத்திலேயே 1957இல் தொடங்கப்பெற்ற அரசு சிற்பக் கல்லூரியோ கையின் கல்வியையும் கல்வியாக ஏற்றது.

தமிழக அரசு இக்குறையை உணராமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவியது. அதில் ஒவ்வொரு குழந்தையும் கற்றல் ஏணியில் தன் வேகத்தில் ஏறியது. 2012-13இல் வந்த தொடர் மதிப்பீட்டு முறை, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 எனப் பகுத்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டது. கடை என்னும் சொல்லுக்கு மாற்றாக அரும்பு என்றது நல்ல தமிழ். அரும்பு மலரும் என்னும் நம்பிக்கை அச்சொல்லிலேயே உள்ளது. எனினும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தாளுக்கே உரியவை. ஏணியின் உச்சியில் கிளியே காத்திருக்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வகை பிரித்தல் முத்திரை குத்துதலாகிவிடக் கூடாது. கண்வழிக் கற்போர், செவிவழிக் கற்போர் என்று பிள்ளைகளைப் பிரித்து அவ்வவ்வழியே கற்பித்தால் நன்கு கற்பர் என்பதற்குப் போதிய சான்றில்லை என 2008இல் ஹெரால்டு பாஷ்லர் முதலிய உளவியலார் எடுத்துக் காட்டினர். ஒரே பிள்ளை கணக்கில் இல்லிக்குடமாகவும் பாட்டில் அன்னமாகவும் இருத்தல் கூடும். இரண்டாவது, பழைய நூல் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றல் வேண்டா. பாடம் சொல்லத் தகாதவர் என நன்னூல் விலக்கிய பட்டியலில் மந்தனும் பிணியனும் உளர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கிய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அவ்விலக்கை நீக்கிவிட்டன. இவ்விடத்தில் சட்டமே அறத்தின் பக்கம் நிற்கிறது.

‘ஆளுக்கொரு தேர்வு வைத்தால் தரம் என்னாவது?’ என்று கேட்போர் உளர். அதற்கும் நன்னூலில் விடை உண்டு. நல்லாசிரியனுக்கு அது கூறும் உவமைகளுள் ஒன்று நிறைகோல். ஐயம் தீர்ப்பதும் நடுநிலை நிற்பதும் அதன் இயல்பு. அரிசி நிறுக்கும் தட்டில் எண்ணெயை நிறுக்க இயலாது, பாத்திரம் வேண்டும். தட்டு மாறலாம்; எடைக்கல் மாறலாகாது. ஒரு நெய்தற்பாட்டில் கூற்று யாருடையது, உரிப்பொருள் யாது, சொல்லாமல் விட்டது எது என்னும் மூன்றும் எடைக்கற்கள். அவற்றை ஒருவர் எழுதிக் காட்டலாம். மற்றொருவர் வாய்மொழியாக விளக்கலாம். வேறொருவர் படமாக வரைந்து, ஏன் அவ்வாறு வரைந்தார் என்று சொல்லலாம். மூவர்க்கும் வினா ஒன்றே, அளவும் ஒன்றே. எழுதுதலே பாடமாகும்போது மட்டும் எழுதித்தான் காட்டல் வேண்டும். எழுத இயலாத பிள்ளையைப் பேச்சுத்திறன் உடையது என்று புகழ்ந்துவிட்டு எழுத்தைக் கற்பிக்காமல் விடுவது, இல்லிக்குடத்துக்குப் பொட்டிட்டு வைப்பது போன்றது. ஓட்டை அடைபடாது.

ஆசிரியர் உரைத்ததைக் கேட்பதால் கால் பங்கும், உடன் கற்பாரோடு பயில்வதால் கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் புலமை நிறைவுறும் என்பது பவணந்தியார் கணக்கு. எழுத்துத் தேர்வு அந்த அரைப் பங்கைத் தொடுவதே இல்லை.

கவிஞர் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. காற்றுக்கும் மீனுக்கும் பாம்புக்கும் கல்லுக்கும் இக்கடற்கரை வைத்துள்ள பெயர்களை நாவில் சுமப்போர், கட்டுரைத் தேர்வில் தோற்றுப் பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளைகளே. அவர்கள் நீங்கினால் அச்சொற்களும் ஏட்டுக்கு வாராமலே நீங்கும். பின்னர் நெய்தல் பாட வரும் கவிஞன் அகராதியைத்தான் நாட வேண்டியிருக்கும்.

பத்தாண்டு நிறைவுற்ற இவ்விலக்கிய வட்டம், இனி ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதையேனும் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். அவர்கள் அறிந்ததை அவர்கள் வாயால் சொல்லட்டும், கவிஞர்கள் கேட்கட்டும். கேட்பதும் ஒரு மதிப்பீடே. முற்றாத பாறையின் முன்னும் சற்றே நின்று பார்க்கும் பொறுமை அதற்குப் போதும்.